[கலைச்சொல்] ஒற்றைப் பாம்புக் கோலும் இரட்டைப் பாம்புக் கோலும்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

மடல் 1: செ.

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவச் சொற்பட்டியலில் இரண்டு இடங்கள் இன்னும் காலியாக நிற்கின்றன.

ஒன்று, கரடுமுரடான தடியில் ஒரே ஒரு பாம்பு சுற்றிய சின்னம். கிரேக்கரின் மருத்துவத் தெய்வமான அஸ்க்லேப்பியோஸ் கையில் பிடித்திருப்பது. மற்றொன்று, வழுவழுப்பான கோலில் இரண்டு பாம்புகள் எதிரெதிராகப் பின்னி, உச்சியில் இரு சிறகு விரிந்த சின்னம். இது தூதுத் தெய்வமான ஹெர்மெஸுக்கு உரியது. உரோமரிடம் அவர் மெர்க்குரி. ஆங்கிலத்தில் இதைக் கடூசியஸ் என்பார்கள்.

தமிழில் இரண்டையும் 'மருத்துவச் சின்னம்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். கார்க் கண்ணாடியில் டாக்டர்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் பாதிக்கு மேல் இரட்டைப் பாம்புதான். பெயர் ஒன்றாக இருப்பதால் படமும் ஒன்றென்றே அச்சகத்தார் நினைக்கிறார்கள். யூனிக்கோட்டில் இவை வேறுவேறு எழுத்துக்குறிகள்: ஒற்றைப் பாம்புக்கு 2695, இரட்டைப் பாம்புக்கு 2624. மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது.

என் முன்மொழிவு: நாகக்கோல், இரட்டை நாகக்கோல். ஏற்பில்லை என்றால் காரணத்தோடு மறுக்கவும்.

அன்புடன்,
செ.

மடல் 2: வே.

செ. ஐயா,

'நாகம்' வேண்டவே வேண்டாம். பட்டியல் மருத்துவப் பட்டியல் என்பதை மறந்துவிட்டீர்கள். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் அதைக் கொண்டு செய்யும் மருந்து. வடமொழி இரச நூல்களிலோ அதே சொல் ஈயத்தைக் குறிக்கும். சித்த மருத்துவர் ஒருவர் 'நாகக்கோல்' என்று படித்தால் துத்தநாகத்தில் வார்த்த கம்பி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே இரண்டு உலோகங்களுக்கிடையே இழுபடும் சொல்லில் மூன்றாவது பொருளையும் ஏற்ற வேண்டுமா?

இரண்டாவது, வழக்கில் நாகம் என்றால் நல்லபாம்பு, படம் எடுப்பது. இந்தச் சின்னத்தில் உள்ள பாம்புக்குப் படம் இல்லை. 'நாகக்கோல்' என்று பெயர் வைத்தால் நாளைக்கு வரைகலைஞர் படமெடுத்த நாகத்தையே வரைந்து கொடுப்பார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

வே.

மடல் 3: இரா.

//இந்தச் சின்னத்தில் உள்ள பாம்புக்குப் படம் இல்லை//

வே. சொல்வது சரி, விலங்கியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தத் தெய்வத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பாம்பு ஐரோப்பாவில் உண்டு. அறிவியல் பெயர் சாமெனிஸ் லாங்கிசிமஸ். 1768இல் லாரென்டி விவரித்தது. பிரான்சிலிருந்து கிரேக்கம், பால்கன் வழியாக ஈரானின் வடபகுதிவரை பரவியிருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம் சாதாரணம், இரண்டு மீட்டர் எட்டுவதும் உண்டு. நஞ்சு கிடையாது. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று தின்னும். வயிற்றுச் செதில்களின் ஓரம் மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால் மரப்பட்டையைப் பற்றி ஏறும். நம்மூர்க் கொம்பேறி மூக்கன்போல் கொம்பு ஏறும் பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்க்லேப்பியோஸ் கோயில்களில் வளர்த்தது இதையா, நாலுவரிப் பாம்பு என்ற அதன் உறவினத்தையா என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எதுவானாலும் நஞ்சில்லாத பாம்பு.

ஆகவே 'நஞ்சே மருந்தாகும் என்பதற்காகப் பாம்பு' என்ற விளக்கத்தைச் சொற்பட்டியலின் குறிப்பில் எழுதிவிட வேண்டாம். கேட்க அழகாக இருக்கும், ஆனால் பாம்பு பொருந்தவில்லை.

இரட்டைப் பாம்புக்கு: இரண்டு பாம்புகள் எழுந்து முறுக்கிக்கொண்டு நிற்பதை நம் பக்கத்தில் 'பிணையல்' என்போம். சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். ஒன்றை ஒன்று தரையோடு அமுக்கப் பார்க்கும், கடிப்பதில்லை. 'பிணையரவுக்கோல்' என்று ஒரு சொல் செய்யலாம்.

இரா.

மடல் 4: கா.

நாகமும் வேண்டாம், அரவும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பாம்பு இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? பாம்புக்கோல்; இரட்டைப் பாம்புக்கோல். முடிந்தது.

கா.

மடல் 5: இரா.

முடியவில்லை, கா. 'பாம்புக்கோல்' என்றால் பாம்பு பிடிப்பவர் கையில் இருக்கும் கோல். நுனி வளைந்த இரும்புக் கம்பி, கைப்பிடியோடு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுக்கும் இடத்தில் அன்றாடம் புழங்கும் கருவி அது. பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்து பற்றிய எந்தக் கையேட்டிலும் அந்தக் கருவியும் வரும், இந்தச் சின்னமும் அட்டையில் வரும். ஒரே நூலில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக் கூடாது.

இரா.

மடல் 6: மா.

அனைவருக்கும்,

பாம்பை எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிரேக்க மூலத்தில் பெயர் பாம்பிலிருந்து வரவில்லை, கோலிலிருந்து வருகிறது. அதைப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

கிரேக்கத்தின் எபிடாரஸில் இருந்த அஸ்க்லேப்பியோஸ் கோயிலின் மூலச் சிலையைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயணநூல் எழுதிய பவுசானியாஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பொன்னும் யானைத் தந்தமும் கொண்டு திராசிமெடெஸ் செய்த சிலை. தெய்வம் அரியணையில் அமர்ந்திருக்கிறது. ஒரு கையில் கோல். மறுகை பாம்பின் தலைக்கு மேல். பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. கவனியுங்கள்: அந்தச் சிலையில் பாம்பு கோலில் சுற்றியிருக்கவே இல்லை, தனியாக இருக்கிறது. நின்ற கோலத்துச் சிலைகளில்தான் அக்குளில் அண்டைகொடுத்த நீண்ட தடியும் அதில் ஏறும் பாம்பும் சேர்ந்து வருகின்றன. கல்லில் செதுக்கும்போது நிற்கும் சிலைக்குத் தாங்கல் தேவை என்பதும் அந்தத் தடி பருத்துப்போனதற்கு ஒரு காரணம்.

பவுசானியாஸ் அந்தக் கோலுக்கு எழுதும் சொல் 'பாக்டீரியா'. சிரிக்க வேண்டாம், அதேதான். கிரேக்கத்தில் அதற்கு ஊன்றுகோல், கைத்தடி என்று பொருள். அதன் குறுஞ்சொல்லான 'பாக்டீரியோன்', சின்னத் தடி, 19ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கியில் தெரிந்த குச்சி வடிவ உயிர்களுக்குப் பெயரானது. மருத்துவத் தெய்வம் சாய்ந்து நிற்பதும் மருத்துவர் எதிர்த்து நிற்பதும் ஒரே சொல்.

ஆக, அது அரசன் செங்கோல் அன்று, மந்திரக்கோலும் அன்று. ஊர் ஊராக நடந்து வைத்தியம் பார்ப்பவனின் கைத்தடி. அதனால்தான் நல்ல சிற்பங்களில் கணு தெரியும், கிளை வெட்டிய தழும்பு தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் மெய்யியலார் கார்னூட்டஸ் சொன்ன விளக்கமும் இதையொட்டியதே: பாம்பு சட்டை உரிப்பது நோயிலிருந்து புதிதாய் எழுவதற்கு, தடி விழாமல் தாங்குவதற்கு.

ஹெர்மெஸின் கோலுக்கு வேறு சொல்: 'கேருக்கெயோன்'. கேருக்ஸ் என்றால் தூதன். பகைவர் பாசறைக்குள்ளும் தீண்டப்படாமல் போய்வரும் உரிமை பெற்றவன். அந்த உரிமையின் அடையாளம் அந்தக் கோல். டோரியம் என்ற கிரேக்க வட்டாரப் பேச்சில் அது 'காருக்கெயோன்'. இலத்தீனுக்குப் போனபோது ரகரம் டகரமாகிக் கடூசியஸ் ஆனது. இரண்டு பாம்பு எப்படி வந்தது? இலத்தீன் நூலாசிரியர் ஹைஜினஸ் சொல்லும் கதையில், சண்டையிட்ட இரு பாம்புகளுக்கு நடுவே மெர்க்குரி கோலை நீட்ட அவை பிரிந்தன. ஆகவே அது அமைதிக் கோல். இரா. சொன்ன சாரைச் சண்டையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பழைய குவளை ஓவியங்களில் பாம்பே இல்லை. உச்சியில் எட்டின் வடிவில் ஒரு கண்ணி மட்டும், மேல்பக்கம் திறந்து. பிறகு அந்தக் கண்ணி பாம்பாகியது. கிரேக்கத்துக்கு வெளியே இன்னும் பழைய உருவம் உண்டு: மெசொப்பொத்தேமியாவில் லகாஷ் அரசன் குடேயா நிங்கிஷ்சிதா என்ற தெய்வத்துக்குப் படைத்த கல் குவளை, ஏறத்தாழ கி.மு. 2100. அதில் ஒரு கோலைச் சுற்றி இரு பாம்புகள் பின்னியிருக்கின்றன. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹெர்மெஸ் வணிகருக்குத் தெய்வம், வழிப்போக்கருக்குத் தெய்வம், திருடருக்கும் தெய்வம். இறந்தவர் உயிரைக் கீழுலகுக்கு வழிகாட்டி அழைத்துப்போகிறவரும் அவரே. மருத்துவமனை வாசலில் இந்தச் சின்னத்தை வைப்பதில் உள்ள அபத்தத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

என் முன்மொழிவு: கடூசியஸுக்குத் தூதுக்கோல். பாம்பின் எண்ணிக்கையைப் பெயரில் ஏற்ற வேண்டியதில்லை. ஒற்றைப் பாம்புக்கு ஊன்றுகோல் என்பதை அடியாக வைத்து ஒரு சொல் தேடுங்கள்.

மா.

மடல் 7: செ.

மா. அம்மா, தூதுக்கோல் நன்றாக இருக்கிறது. 'தூதுக்குழு' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. கட்டியக்காரன் கோல் என்று யோசித்தேன். ஆனால் கட்டியக்காரன் அரசன் முன்னே பட்டம் சொல்லிப் போகிறவன், எதிரி நாட்டுக்குப் போகிறவன் அல்லன். தெருக்கூத்தில் கோமாளியும் அவனே. விட்டுவிடலாம்.

ஒரு ஐயம். மெர்க்குரி நமக்குப் புதன். 'புதன்கோல்' என்று வைத்தால் எளிதாக இருக்காதா?

மடல் 8: வே.

செ. ஐயா, 'புதன்கோல்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காதில் விழுவது புதன்கோள். சூரியனுக்கு மிக அருகில் சுற்றும் கோள்! லகர ளகரம் பேச்சில் ஒன்றாகிவிட்ட ஊர்களில் இதைத் தடுக்க வழியே இல்லை. எழுத்துப் பிழைதிருத்திகூட இரண்டையும் சரி என்றே விடும்.

இதே கண்ணி 'அரவுக்கோல்' என்ற சொல்லிலும் இருக்கிறது. மா. அம்மா மடல் வரும்வரை நான் அரவுக்கோலைத்தான் முன்மொழிய இருந்தேன். அரவு பழஞ்சொல், உலோகப் பொருள் எதுவும் இல்லை, நல்லபாம்பு என்று மட்டும் குறுகவும் இல்லை. ஆனால் சோதிடத்தில் அரவு என்றாலே இராகு. இராகு கேதுக்களைப் பாம்புக் கோள்கள் என்பது வழக்கம். 'அரவுக்கோல் மருத்துவத்தின் அடையாளம்' என்று வானொலியில் சொன்னால் இராகு வைத்தியம் பார்க்க வந்துவிட்டார் என்று ஆகும்.

'அரவம்' என்று மகரம் சேர்த்தாலும் தீராது. ஆள் அரவம் என்றால் ஓசை.

'தண்டு' வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாராவது கொண்டுவருவதற்குள். தண்டுவடம், மூளைத்தண்டு என்று உடற்கூற்றியலில் அது நிரம்பி வழிகிறது. 'அரவத்தண்டு' என்றால் பாம்பின் முதுகெலும்பு என்று படிக்கவும் இடம் உண்டு.

வே.

மடல் 9: கா.

அரவணைகோல்?

அரவு இருக்கிறது, அரவணைப்பும் இருக்கிறது. மருத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா!

மடல் 10: வே.

கவிதைக்குப் பொருத்தம், கா. கலைச்சொல்லில் சிலேடை ஆகாது. படிப்பவர் எந்தப் பக்கம் பிரித்தார் என்று தெரியாமல் போகும். அரவணை என்றால் திருமால் படுக்கை. சபரிமலைக்குப் போய்வந்தவருக்கோ பாயசம். தகர டப்பாவில் வரும்.

மடல் 11: செ.

ஊன்றுகோலுக்குப் போகுமுன் இரண்டு கேள்விகள். குறிப்பில் எழுத வேண்டியிருக்கிறது.

1. நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி இழுத்ததுதான் இந்தச் சின்னத்தின் மூலம் என்று பல பாடநூல்களில் இருக்கிறது. ஏற்கலாமா?

2. இரட்டைப் பாம்பு எப்படி மருத்துவத்துக்குள் வந்தது? யார் கொண்டுவந்தது?

மடல் 12: மா.

முதல் கேள்விக்கு: ஏற்க வேண்டாம். கிரேக்க உரை எதுவும், கல்வெட்டு எதுவும் அஸ்க்லேப்பியோஸையும் அந்தப் புழுவையும் இணைக்கவில்லை. எபிடாரஸ் கல்வெட்டுகள் குணமானவர்களின் பெயர், ஊர், நோய், கனவு என்று வரிசையாகச் சொல்கின்றன. நோயாளி கோயிலின் துயில்கூடத்தில் இரவு படுப்பார். தெய்வம் கனவில் வரும், அல்லது பாம்பு வந்து புண்ணை நக்கும். பாம்பு அங்கே பாம்பாகவே வருகிறது, புழுவுக்கு மாற்றுருவாக அல்ல. உரோமாபுரிக்கு இந்தத் தெய்வம் போன கதையிலும் அப்படித்தான்: கி.மு. 293இல் கொள்ளைநோய், எபிடாரஸுக்கு ஆள் அனுப்பினார்கள், கப்பலில் ஏறிவந்த பாம்பு டைபர் ஆற்றின் தீவில் இறங்கியது, 291இல் அங்கே கோயில் எழுந்தது. தீவின் கரையைக் கப்பல் வடிவில் கல் கட்டி, அதில் தெய்வத்தின் உருவையும் பாம்பு சுற்றிய கோலையும் செதுக்கினார்கள். அந்தக் கல்லில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அந்தத் தீவில் மருத்துவமனையும் இருக்கிறது.

விவிலியத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் வேறு மரபு. தமிழ் விவிலியம் எண்ணாகமம் 21இல் அதைக் 'கம்பத்தின்மேல்' தூக்கிவைக்கச் சொல்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு. அது நட்டுவைத்த கம்பம், கையில் பிடித்த கோல் அன்று. இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்காதீர்கள்.

மடல் 13: இரா.

புழுவைப் பற்றி ஒரு சொல். பாடநூலில் கதை தவறாக இருந்தாலும் செய்முறை சரி. பெண் புழு 60 முதல் 100 செ.மீ. நீளம், தடிமன் 2 மி.மீ.கூட இராது. பெரும்பாலும் காலில் கொப்புளம் உடைந்து தலை நீட்டும். ஈரத்துணி சுற்றி, சின்னக் குச்சியில் ஒரு நாளைக்குச் சில செ.மீ. மட்டும் சுற்றி இழுக்க வேண்டும். முழுதும் வர நாள்கள் ஆகும், சிலவேளை வாரங்கள். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் மிச்சம் உள்ளே சுருங்கிப் போகும். திசு வீங்கிச் சீழ் பிடிக்கும். இந்தியாவில் நோய் ஒழிந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு 2000இல் சான்றளித்துவிட்டது.

படத்தை ஒப்பிட்டாலும் பொருந்தாது. புழுவைச் சுற்றும் குச்சி தீக்குச்சி அளவு. சுற்று நூல்கண்டுபோல் நெருக்கம். சின்னத்திலோ ஆள் உயரத் தடியும் நெகிழ்ந்த சுற்றும்.

மடல் 14: மா.

இரண்டாவது கேள்விக்கு. மறுமலர்ச்சிக் காலத்து அச்சகத்தார் தூதுக்கோலைத் தங்கள் முத்திரையாக வைத்தார்கள். செய்தியைக் கொண்டுசேர்ப்பவர் என்ற பொருளில் அது சரியே. பாசல் நகரத்து யோகான் புரோபன் முத்திரையில் பாம்போடு ஒரு புறாவும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் மருத்துவ நூல் பதிப்பித்த ஜான் சர்ச்சில் அட்டையிலும் அதே கோல். மருத்துவ நூலின் அட்டையில் இருந்ததால் மருத்துவச் சின்னம் என்று படித்தார்கள்.

அமெரிக்காவில் கடலோடிகளுக்கு மருத்துவம் பார்த்த அரசுப் பணித்துறை 1871இல் நங்கூரத்தோடு தூதுக்கோலைச் சேர்த்து முத்திரை செய்தது. கடல் வணிகத்தோடு பிறந்த துறை என்பதால் ஒரு நியாயம் இருந்தது. 1902இல் அமெரிக்கப் படையின் மருத்துவப் பிரிவு அதையே சீருடையில் ஏற்றது. கேப்டன் ரெனால்ட்ஸ் என்பவர் முன்மொழிந்தார். தலைமை மருத்துவர் ஒருவர் மறுத்தார், அடுத்து வந்தவர் ஒப்புக்கொண்டார். இரண்டு உலகப் போர்களில் அந்தச் சீருடையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! அமெரிக்க மருத்துவச் சங்கம் 1910இலேயே ஒற்றைப் பாம்புக்கு வந்துவிட்டது. 1948இல் முதல் உலக நலவாழ்வுப் பேரவை ஐ.நா. சின்னத்தின் மேல் ஒற்றைப் பாம்பையே பொறித்தது. ஆனாலும் வழக்கு மாறவில்லை. 1992இல் வால்டர் ஃப்ரீட்லேண்டர் வெளியிட்ட கணக்கில், அமெரிக்கத் தொழில்சார் மருத்துவச் சங்கங்களில் 62 விழுக்காடு ஒற்றைப் பாம்பு. வணிக நிறுவனங்களில் 76 விழுக்காடு இரட்டைப் பாம்பு. வணிகர் கையில் வணிகத் தெய்வத்தின் கோல் போய்ச் சேர்ந்ததை நான் தவறு என்றே சொல்ல மாட்டேன்.

மா.

மடல் 15: வே.

சரி, சொல்லுக்கு வருவோம். மா. அம்மா கொடுத்த அடியிலிருந்து:

அரவு + ஊன்றுகோல் = அரவூன்றுகோல்

அரவு முற்றியலுகரம், ஆனாலும் உயிர் வந்தால் உகரம் கெடும். அரவு + அணை அரவணை ஆனதுபோல. ஊன்றுகோல் வினைத்தொகை, அதனால் ககரம் மிகாது, எழுதுகோல், தூண்டுகோல்போல. 'அரவூன்றுக்கோல்' என்று எழுதினால் பிழை. நடுவே இடைவெளியும் விட வேண்டாம். 'அரவு ஊன்று கோல்' என்று மூன்றாக உடைத்தால் தேடுபொறியில் ஒன்றும் கிடைக்காது.

ஊன்றுகோல் எல்லோர் வாயிலும் வழங்கும் சொல் என்பதால் கோள் என்று கேட்கும் ஆபத்து போய்விட்டது. உருபு ஏற்பதிலும் தடை இல்லை: அரவூன்றுகோலை, அரவூன்றுகோலில், அரவூன்றுகோலுடன்.

மடல் 16: கா.

பாம்புக்குக் காலே இல்லை, அதற்கு எதற்கு ஊன்றுகோல்?

மடல் 17: வே.

:) மரக்காலில் மரத்துக்கா கால்? அரவு சுற்றிய ஊன்றுகோல். இடையில் உள்ள 'சுற்றிய' தொக்கி நிற்கிறது.

மடல் 18: கா.

ஒப்புக்கொண்டேன். பெயர் முடிந்தால் படத்துக்கான குறிப்பையும் பதிவோடு சேர்க்க வேண்டும். பெயரைச் சரியாக வைத்துவிட்டுப் படத்தில் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அரவூன்றுகோலைச் சின்ன அளவில் வரைந்தால் முதலில் வரும் கோளாறு, அது டாலர் குறிபோல் தெரிவது. நேர்க்கோட்டின்மேல் ஒரு எஸ் வளைவு, வேறென்ன தெரியும்? 16 படப்புள்ளி உயரத்தில் இது கட்டாயம் நடக்கும். தவிர்க்க: பாம்பு தடியைக் குறைந்தது மூன்று இடத்தில் கடக்கட்டும், மேலிருந்து கீழே வரவர வளைவு குறுகட்டும், தலை தடியைவிட்டு வெளியே நீளட்டும், பாம்பு தடிக்குப் பின்னால் போகும் இடத்தில் ஒரு படப்புள்ளி வெற்றிடம் விடவும். அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகிச் சுற்றிய தோற்றம் போய்விடும். தடியின் உச்சி பாம்புத் தலையைத் தாண்டி நிற்க வேண்டும். சிறகு கூடாது. தலை இடமா வலமா என்பதற்கு விதி இல்லை. யூனிக்கோடு விளக்கமும் தடி நேராகவோ சாய்ந்தோ இருக்கலாம் என்று விட்டுவிடுகிறது.

குறியேற்றம். 2695ஐத் தனியாக இட்டால் சில கருவிகளில் கறுப்பு வெள்ளை எழுத்தாகவும் சிலவற்றில் வண்ண எமோஜியாகவும் வரும். எழுத்தாக வேண்டுமென்றால் பின்னால் மாறுபாட்டுத் தேர்வி (முன்னுள்ள குறியின் தோற்றத்தைத் தேரும் மறைகுறி) 15, எமோஜியாக வேண்டுமென்றால் 16. மருத்துவர் எமோஜி என்பது ஆள் உரு, அகலமில்லா இணைப்பான் (இரண்டு உருவை ஒன்றாக்கும் மறைகுறி), 2695, தேர்வி 16 என்ற நான்கின் கோவை. பழைய மென்பொருள்கள் அந்த இணைப்பானை வெற்றெழுத்து என்று நினைத்து நீக்கிவிடும். அப்போது மருத்துவர் உடைந்து ஓர் ஆளும் ஒரு தடியுமாகத் தனித்தனியே நிற்பார். படம் கெட்டது என்று எழுத்துருவைக் குறைசொல்வார்கள். தவறு துப்புரவு செய்யும் நிரல்வரியில் இருக்கும்.

இன்னொன்று. யூனிக்கோட்டில் 2624 தவிர 269ஏ என்ற இடமும் உண்டு. அதன் பெயரே ஹெர்மெஸின் கோல். அதில் இருப்பது பாம்பு அல்ல, சிறகு முளைத்த சக்கரம் ஏறிய கோல். வணிகக் குறி. செ. ஐயா, கோப்பில் இதற்கும் ஒரு வரி இருக்கும். தூதுக்கோல் என்று அதற்குப் போட்டுவிடாதீர்கள்.

ஃபான்ட் ஆசம் குறியுருத் தொகுப்பில் ஒற்றைப் பாம்புப் படத்துக்கு நான்கு பெயர்கள் உலவுகின்றன. இரண்டில் தெய்வத்தின் பெயர், இரண்டில் பாம்பு. தேடுபவர் எதைத் தட்டினாலும் கிடைக்கட்டும் என்பதற்காக. நாமும் தேடுசொல்லாக 'பாம்புக்கோல்', 'மருத்துவச் சின்னம்' இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தலைச்சொல் மட்டும் அரவூன்றுகோல்.

திரைவாசிப்பான் பயனருக்கு இந்தப் பெயரைப் படிக்கவிடாதீர்கள். பொத்தானை அழுத்தினால் மருத்துவமனைப் பட்டியல் வரும் என்றால் மாற்றுரை 'மருத்துவமனைகள்' என்றிருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு அங்கே தடியும் தேவையில்லை, பாம்பும் தேவையில்லை.

கா.

மடல் 19: இரா.

தெய்வத்தின் பெயர் பற்றி: 'அஸ்கிளெப்பியஸ்', 'எஸ்குலாப்பியஸ்' என்று இரண்டும் ஓடுகின்றன. தாவரவியல் பட்டியலில் அஸ்கிளெப்பியாஸ் என்று ஒரு பேரினமும் வருகிறது. எருக்கின் உறவு, லின்னேயஸ் இந்தத் தெய்வத்தை வைத்தே பெயரிட்டார். ஒரே எழுத்துக்கூட்டு வந்தால் தேடலில் எருக்கஞ்செடி வந்து நிற்கும்.

மடல் 20: மா.

இரண்டு வடிவும் இருப்பது மொழி மாறியதால். கிரேக்கத்தில் அஸ்க்லேப்பியோஸ், 'லே' நெடில். இலத்தீனில் ஐஸ்குலாப்பியுஸ், ஆங்கிலர் வாயில் எஸ்குலாப்பியஸ். கிரேக்கச் சூழலில் கிரேக்க வடிவையும் டைபர் தீவுச் சூழலில் இலத்தீன் வடிவையும் எழுதலாம். கிரந்தம் தவிர்ப்போர் அசுக்கிலேப்பியோசு என்று எழுதலாம். எனக்கு மறுப்பில்லை, 'லே' நெடிலாக இருந்தால் போதும். எருக்கின் உறவுக்குக் கடைசி எழுத்துகள் 'பியாஸ்'. அதுவே வேறுபாடு.

தன்வந்திரி கோல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம் என்றும் குறிப்பில் சேருங்கள். தன்வந்திரி கையில் அமுத கலசமும் சங்கும் சக்கரமும் அட்டைப்பூச்சியும் உண்டு, கோல் கிடையாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் சின்னத்தில் தன்வந்திரி வந்து 2023இல் சர்ச்சை எழுந்த பிறகு இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பேசுகிறார்கள். அது எந்தச் சின்னத்தைத் தேர்வது என்ற வழக்கு, சொல்லாக்கத்துக்கு அதில் வேலை இல்லை.

மடல் 21: செ.

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் ஏற்றப்போவது கீழே. எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

அரவூன்றுகோல் (பெ.): ஒரே பாம்பு சுற்றிய, சிறகில்லாத, கணுவுள்ள ஊன்றுகோல், அஸ்க்லேப்பியோஸுக்கு உரியது, மருத்துவத்தின் சின்னம். யூனிக்கோடு 2695. இடைவெளியின்றி எழுதுக; ககரம் மிகாது. பாம்பு படமெடுத்ததாக வரையற்க. தேடுசொல்: பாம்புக்கோல், மருத்துவச் சின்னம்.

தூதுக்கோல் (பெ.): இரண்டு பாம்புகள் பின்னி, பெரும்பாலும் உச்சியில் சிறகு உள்ள கோல், ஹெர்மெஸுக்கு உரியது, தூது, வணிகம், அமைதி ஆகியவற்றின் சின்னம். யூனிக்கோடு 2624. அமெரிக்கப் படைமருத்துவ வழக்கில் மருத்துவச் சின்னமாகவும் வரும்; அப்போதும் படத்தின் பெயர் இதுவே.

சிறகாழிக்கோல் (பெ.): சிறகுள்ள சக்கரம் ஏறிய கோல், வணிகக் குறி. யூனிக்கோடு 269ஏ. (ஆழி என்றது சக்கரத்தை. கா. சொன்ன பிறகு நான் சேர்த்தது, மறுக்கலாம்.)

மருந்தாளுநர் சின்னமான, கிண்ணத்தில் சுற்றிய பாம்பு, அஸ்க்லேப்பியோஸின் மகள் ஹைஜீயாவுடையது. அதற்கு 'அரவுக்கிண்ணம்' என்று தற்காலிகமாக இட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸில் உள்ள ஆறுமுனை நீலக் குறிக்கு ஒருவர் 'உயிர்மீன்' என்று தனிமடலில் அனுப்பியிருந்தார். சந்தையில் துள்ளும் மீன் நினைவுக்கு வருவதால் அதை ஏற்றவில்லை. அதன் நடுவிலும் அரவூன்றுகோல்தான் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

செ.

மடல் 22: வே.

'சிறகாழிக்கோல்' வேண்டாம், ஐயா. ஆழி என்றால் முதலில் கடல்தான் நினைவுக்கு வரும். 'சிறகுருளைக்கோல்' என்று மாற்றுங்கள். மற்ற இரண்டும் சரி.